செப்பேட்டின் ஓம்படையும் விரிதாளின் பூட்டும்

சேது நாட்டை ஆண்ட சேதுபதி மன்னர்கள், கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் வழங்கிய கொடைகளைச் செப்பேடுகளில் பொறித்து வைத்தனர். அவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய பெருமை, இராமநாதபுரத்து வரலாற்றறிஞர் எஸ்.எம். கமால் அவர்களைச் சாரும். இத்தகு செப்பேடுகளில் கொடுத்தவர், பெற்றவர், நிலத்தின் எல்லை ஆகியன கூறப்பட்டபின் இறுதியில் ஒரு பகுதி வரும். இவ்வறத்தைக் காப்பவர் புண்ணியம் எய்துவர். அழிப்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்பது அதன் சாரம். இதனை ஓம்படைக்கிளவி என்பர். எழுதுவதோடு பணி முடிவதில்லை. எழுதியது பின்வருவோரால் பிறழாதிருக்கவும் வழி செய்தல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

இற்றை நாளின் செப்பேடு விரிதாள் எனலாம். டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் 1979இலும், எக்செல் 1985இலும் வெளிவந்தன. இன்று சம்பளப் பட்டியல், ஜமாஅத்துக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் அனைத்தும் விரிதாளில்தான் உள்ளன. செம்பில் வெட்டியதை மாற்ற உளி வேண்டும். விரிதாளை மாற்ற ஒரு விரல் போதும்.

நாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்று. அகமதிப்பீட்டுப் பட்டியல் ஒன்றைப் பலர் ஒரே கோப்பில் நிரப்பி வந்தனர். ஒருவர் பெயர்களை மட்டும் அகரவரிசைப்படுத்தினார். மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே நின்றன. கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்து பயின்ற, தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகவிருந்த மாணவி ஒருவர் தேறாதவரானார். அவர் தயங்கியவாறு வந்து வினவியமையால் பிழை வெளிப்பட்டது. வினவாதிருந்தால் என்னாகும்? அப்பட்டியலில் ஒப்பமிட்டோருள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

பூட்டும் முறை

எக்செலில் ஒவ்வொரு கட்டமும் தொடக்கத்திலேயே ‘லாக்டு’ என்னும் குறியுடன்தான் இருக்கும். ஆயினும் தாள் முழுவதற்கும் காப்பிடும்வரை அக்குறி செயற்படாது. எனவே, எவற்றைப் பூட்டுவது என்று தேடாமல், எவற்றைத் திறந்து வைப்பது என்று முதலில் முடிவு செய்க. பிறர் நிரப்பவேண்டிய கட்டங்களைத் தெரிவு செய்து, ‘ஃபார்மட் செல்ஸ்’ பகுதியில் ‘புரொடெக்‌ஷன்’ என்பதன்கீழ் அக்குறியை நீக்குக. பின்னர் ‘ரிவியூ’ பட்டியில் ‘புரொடெக்ட் ஷீட்’ என்பதைச் சொடுக்கிக் கடவுச்சொல் இடுக. பெயர்களும் பதிவெண்களும் கூட்டுத்தொகைச் சூத்திரங்களும் இனி அசையா. கூகுள் ஷீட்ஸில் இன்ன பகுதியை இன்னார் மட்டுமே திருத்தலாம் என வரையறுக்கலாம்; முந்தைய வடிவங்களை மீட்டுக் காணவும் வழியுண்டு.

பூட்டின் எல்லை

இப்பூட்டு கவனக்குறைவைத் தடுக்குமேயன்றிக் கள்வரைத் தடுக்காது. பூட்டிய கட்டத்தையும் பிறர் படிக்கலாம், படியெடுக்கலாம். மறைக்கவேண்டியவற்றை அங்கு வைத்தல் கூடாது. கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவரேனும் அறிந்திருத்தல் நலம்.

பூட்டு பிழையைத் திருத்தாது. பிழையையும் சேர்த்தே காக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பொருளியல் அறிஞர் ரெயின்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அரசுகளின் கடன் குறித்த விவாதங்களில் பெரிதும் எடுத்தாளப்பட்டது. அவர்தம் விரிதாளில் சராசரி காணும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டதை 2013இல் வெளிப்படுத்தியவர் தாமஸ் ஹெர்ண்டன் என்னும் ஆய்வு மாணவர். அவர்கள் தம் விரிதாளை அவருக்குக் காட்டியமையாலேயே அது இயன்றது.

அங்கும் இங்கும் பிழையைக் கண்டவர் மாணவரே. ஆதலின் திருத்தும் கைக்குப் பூட்டிடுவோம். வினவும் கண்ணுக்குத் திறந்து வைப்போம். நம் பட்டியல்களுக்கு வேண்டிய ஓம்படை இதுவேயாகும்.