சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் வேலை எங்கே?



பி.எஸ்சி., எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் எங்கள் கல்விப் பிரிவுக்கு வந்தால் முதலில் கேட்பது, "இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இதன் பதில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தோல் தொழில் நம்மில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பேறிப் போனதற்கும் அதன் கழிவுநீர்தான் பெரிய காரணம். இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. சொந்தமாகவோ கூட்டாகவோ சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரி இயங்க முடியாது என்ற நிலை அதனால் உறுதியானது. 2025 ஜனவரியில் இதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஆகவே இந்த வேலை சீக்கிரத்தில் தீர்ந்துவிடப் போவதில்லை.

வானிடெக், ஆம்பூர்டெக், ராணிடெக் ஆகிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை வெளியிலிருந்து பார்த்தவர்கள் நம்மில் அதிகம். உள்ளே நடப்பது இதுதான்: உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் எல்லாம் கலந்து வரும் தண்ணீரைத் தேக்கிப் படியவைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைச் சிதைத்து, ஆர்.ஓ. வழியாக வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று தெரியும். அந்தச் சோதனையைச் செய்யும் ஆள்தான் தேவைப்படுகிறார். தோல் தொழிலுக்கு மட்டுமல்ல, சாயப்பட்டறை, மருந்து, சர்க்கரை ஆலை, பெரிய மருத்துவமனை என்று கழிவுநீர் வெளிவரும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

இங்கேதான் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பட்டம் மட்டும் போதாது. பி.ஓ.டி. சோதனைக்கு மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும் என்று தேர்வில் எழுதுவது வேறு. அதைப் பலமுறை தன் கையால் செய்து, எண் தவறாக வந்தால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பது வேறு. தனியார் ஆய்வகங்கள் இரண்டாவது ஆளைத்தான் தேடுகின்றன. எனவே கல்லூரியில் சேர்க்குமுன் கட்டிடத்தைப் பார்க்காமல் லேபைப் பாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர் கையில் கருவி இருக்கும் என்று கேளுங்கள். கோடை விடுமுறையில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில், சம்பளம் இல்லாவிட்டாலும், ஒரு மாதம் பயிற்சி பெறுவது நல்லது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நீரி நிறுவனத்தின் சென்னை மையம் ஆகியவற்றுக்கும் பேராசிரியரின் கடிதத்துடன் பயிற்சி கேட்டு எழுதலாம்.

லேபில் நாட்டம் இல்லாத பிள்ளைகளுக்கு வரைபட வேலை இருக்கிறது. 2006 அறிவிக்கையின்படி பெரிய சுரங்கம், தொழிற்சாலை, துறைமுகம் போன்றவை தொடங்குமுன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அதைச் செய்யும் ஆலோசனை நிறுவனங்களுக்கு ஜி.ஐ.எஸ். தெரிந்தவர்கள் வேண்டும். க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாமல் பாடம் நடத்திச் சான்றிதழும் தருகிறது. பொருள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடச் சிக்கனமான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

அரசு வேலை என்றால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அங்கே உதவிப் பொறியாளர் பணி பொறியியல் படித்தவர்களுக்கு. சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிதான் அறிவியல் படித்தவர்களுக்கு. அதற்கும் முதுகலைப் பட்டம் வேண்டும். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் அந்தக் கதவு திறக்காது. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க பி.சி.எம். சாதிச் சான்றிதழ் தேவை. லெப்பை, தக்னி முஸ்லிம், ஷேக், சையது என்று உட்பிரிவு சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

ஆசிரியப் பணிக்கோ ஆராய்ச்சிக்கோ போக விரும்புபவர்கள் யு.ஜி.சி. நெட் தேர்வை சுற்றுச்சூழல் அறிவியலிலேயே எழுதலாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் வரும்.

வளைகுடா வேலையை நம்பி ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோவுக்குப் பெருந்தொகை கட்டுபவர்களைப் பார்க்கிறோம். அங்கே நிறுவனங்கள் பலவும் கேட்பது நெபோஷ் சான்றிதழ். பணம் கட்டுமுன், அந்தப் பயிற்சி மையம் நெபோஷ் அங்கீகாரம் பெற்றதா என்று நெபோஷ் பட்டியலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முகவர் வாய்ச்சொல் போதாது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவ மாணவியருக்கு எங்களிடம் ஒரு யோசனை உண்டு. நம் மஹல்லாவின் ஆழ்துளைக் கிணறுகளிலும், நாம் ஒளுச் செய்யும் பள்ளிவாசல் கிணற்றிலும் மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை மாதிரி எடுத்துச் சோதியுங்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரம். எந்தத் தெருவில் எவ்வளவு என்று ஒரு வரைபடம் போட்டுக் கொண்டு வந்தால், ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேசி அதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு, இன்ஷா அல்லாஹ், நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.