வீடியோவோடு பெயரையும் அனுப்புவோம்

நடவு முடித்துக் கரையேறிய பெண்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். போன் கைமாறிக்கொண்டே இருக்கிறது. மாட்டு முதுகில் ஏறி நிற்கும் ஆட்டுக்குட்டி, டிராக்டர் ஓட்டும் பாட்டி, திருவிழாவில் தப்பு அடிக்கும் சிறுவன் என்று ஒவ்வொன்றாக ஓடுகிறது. சிரித்து முடிப்பதற்குள், ‘எனக்கும் அனுப்புக்கா’ என்கிறது ஒரு குரல். பகலெல்லாம் சேற்றில் குனிந்து நின்ற நம் மக்களுக்கு இந்தச் சிரிப்பு வேண்டும். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

நாம் கேட்பது ஒன்றுதான். அந்தத் தப்பு அடித்த பையன் எந்த ஊர்? பெயர் என்ன?

வீடியோவில் அது இருக்காது. கோயில் வாசலில் நம் கலைஞர்கள் ஆடி அடிப்பதை யாரோ படம் பிடித்து, ‘செம குத்து’ என்று தலைப்பு வைத்து ஏற்றிவிடுகிறார்கள். பார்வைகள் கூடினால் ஏற்றியவருக்கு வருமானம் வரும். அடித்தவருக்கு அன்றைய கூலியோடு சரி. குழுவின் பெயரும் போன் எண்ணும் கீழே இருந்திருந்தால், பார்த்தவர்களில் ஒருவராவது அடுத்த நிகழ்ச்சிக்கு அழைத்திருப்பார்.

சாவு வீட்டில் தப்படிப்பதை நம் மீது கட்டாய வேலையாகச் சுமத்தியது சாதி. அதை மறுத்துப் பல ஊர்களில் நம் பெரியவர்கள் தப்பையே கீழே வைத்தார்கள். இழிவென்று சொல்லப்பட்ட அந்த இசை இன்று மேடை ஏறியிருக்கிறது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெயரோடு அறியப்பட்டால் கலைஞருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அவரே சாட்சி.

பெயர் விடுபட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’யைப் பகிராத போன் நம் தெருக்களில் அபூர்வம். அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய பாட்டு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. தஞ்சை, திருச்சிப் பக்கமிருந்து அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளில் நம் முன்னோரும் ஏராளம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், பலரும் கேட்டார்கள். அதன் பிறகே அறிவின் படத்தோடு இணைய அட்டை வந்தது. உலகறிந்த பாட்டுக்கே இப்படி என்றால், நம் ஊர்த் தப்பாட்டக் குழுவுக்கு யார் கேட்பது?

இன்னொரு வகை வீடியோவும் சிரிப்பு என்ற பெயரில் வருகிறது. நம் நிறத்தை, பேச்சை, தெருவைக் கேலி செய்வது. அதைச் சிரித்துக்கொண்டே அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடாதீர்கள். பட்டியல் சாதியினர் மீது வெறுப்பைத் தூண்டும் சொல்லும் காட்சியும் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவின்படி குற்றம். இணையத்தில் இழிவுபடுத்தினாலும் இந்தச் சட்டம் பாயும் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. இணைப்பையும் தேதியையும் சேமித்து வைத்துக்கொண்டு 14566 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.

மாணவர்களே, இந்த வேலையை நீங்கள்தான் தொடங்க வேண்டும். உங்கள் தெருவில் தப்பு அடிக்கும் மாமா இருப்பார், நடவுப் பாட்டு தெரிந்த ஆயா இருப்பார். அவர்களிடம் கேட்டு, சம்மதத்தோடு படம் பிடியுங்கள். பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்கள். நிகழ்ச்சிக்குப் போகிறவர் என்றால் அவர் விருப்பப்படி போன் எண்ணையும் சேருங்கள்.

பிறகு அனுப்புங்கள். நாமும் பார்த்துச் சந்தோஷப்பட்டு நாலு பேருக்கு அனுப்புகிறோம்.