கடைமடைக்கு எட்டாத குரல்

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்ததும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்றே: கடைமடைக்கு எப்போது வரும்? தலைப்பில் எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு அவர்களுக்குப் போதாது. பயிர் வாடிய பின் வரும் நீர் சர்க்கார் கணக்கில் சேரும், களஞ்சியத்தில் சேராது. இதே கேள்வியை இன்று தொலைபேசியில் வரும் குரலைக் குறித்தும் நம் ஜனங்கள் கேட்க வேண்டியவர்களாயிருக்கின்றனர்.

பழைய தொலைபேசி முறையில் பேசும் இருவருக்கும் ஒரு தனிப் பாதை ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் மௌனமாயிருந்தாலும் அப்பாதை அவர்களுடையதே. இன்றைய முறை வேறு. பேச்சு சாதாரணமாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டாக நறுக்கப்பட்டு, விலாசமிட்ட பொதிகளாக, விநாடிக்கு 50 வீதம் அனுப்பப்படுகிறது. படங்களையும் கடிதங்களையும் சுமந்துவரும் மற்றப் பொதிகளோடு இவையும் ஒரே வரிசையில் நின்று செல்லவேண்டும். ஒருவருடைய மௌன நேரம் மற்றொருவருக்குப் பயன்படுவதால் செலவு குறைகிறது. அந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் வரிசை என்று வந்துவிட்டால் காத்திருத்தலும் வந்தே தீரும்.

இக்காத்திருத்தலை அளக்கும் சாஸ்திரத்துக்கு 1909-இல் அடிகோலியவர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித நிபுணர். 1960-களில் அதைச் செய்தி வலைகளுக்கு விரித்துரைத்தவர் அமெரிக்கரான கிளைன்ராக். அதன் மிக எளிய சூத்திரம் யாதெனில்: பொதிகள் ஒழுங்கின்றி வந்து சேரும் பாதையில், ஒரு பொதியை அனுப்பப் பிடிக்கும் சராசரி நேரத்தை, பாதையில் காலியாயுள்ள பங்கினால் வகுத்தால் சராசரித் தாமதம் கிடைக்கும். விநாடிக்கு 20 லட்சம் பிட்டுகள் செல்லும் சிறு பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,500 பைட் பொதி ஒன்றை அனுப்ப அதற்கு 6 மில்லி செகண்டு ஆகும். அதையே சராசரியாகக் கொண்டால், பாதை பாதி நிரம்பியபோது தாமதம் 12 மில்லி செகண்டு, 90 சதவீதம் நிரம்பியபோது 60, 95-இல் 120, 99-இல் 600! பாரம் நூற்றுக்கு நான்கு ஏற, தாமதம் ஐந்து மடங்காகிறது.

வாயிலிருந்து காதுக்கு 150 மில்லி செகண்டுக்குள் குரல் சேர்ந்தால் உரையாடலுக்குப் பெரும்பாலும் இடையூறில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முடிவு. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், அக்கடலைத் தாண்ட 16 மில்லி செகண்டு போதும். சிங்கப்பூரில் உழைக்கும் மகனுடைய சொல் கடலை 16-இல் கடந்து வந்து, தாயின் ஊருக்கருகே நெரிசல் மிகுந்த பாதையில் 120 காத்து நிற்குமாயின், குற்றம் தூரத்தினுடையதா, வரிசையினுடையதா?

சராசரியும் முழு உண்மையைச் சொல்லாது. பொதிகள் முன்பின்னாக வருவதால், கேட்கும் கருவி சிறிது நேரம் காத்திருந்து, பிறகே ஒலிக்கத் தொடங்குகிறது. அந்தக் கெடு கடந்து வரும் பொதி, கெடு கடந்த மனுவைப் போலத் தள்ளுபடியாகிறது. சொல் நடுவே அறுந்துபோகிறது. ஆதலால் சராசரி பொய்ச்சாட்சியன்று, ஆனால் அரைச்சாட்சியே.

குரலுக்கு முன்னுரிமை கொடுப்பது ஒரு பரிகாரம். கடிதம் அரை விநாடி பிந்தினால் நஷ்டமில்லை. குரல் பிந்தினால் அது குரலே அன்று. நான்காம் தலைமுறை வலையில் கம்பெனியின் சொந்தக் குரலழைப்புக்கு இம்முன்னுரிமை உண்டு. ஆனால் வெளிநாட்டிலுள்ள உறவினரோடு பலரும் பேசும் செயலிகளின் அழைப்போ பெரும்பாலும் பொது வரிசையிலேயே நிற்கிறது. மேலும், முன்னுரிமை தாமதத்தை ஒழிப்பதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுகிறது. பாதையே சுருங்கிவிட்டால் அதனாலும் பயனில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது மின்சாரமும் போயிற்று. அதனோடு கோபுரங்களும் ஓய்ந்தன. பாதை குறைந்த அதே நாளில் பேசத் துடித்தோர் தொகை பெருகிற்று. சூத்திரம் எச்சரிப்பதும் அதுவே.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வெளியிட்ட சேவைத்தர விதிகளில் தாமதம், அதன் ஏற்றத்தாழ்வு, பொதி இழப்பு ஆகியவை இடம்பெற்றிருப்பது நல்லதே. ஆனால் விதி ஏட்டளவில் நின்றுவிடலாகாது. கம்பெனிகள் சராசரி வேகத்தை விளம்பரம் செய்தால் மட்டும் போதாது. மாலை நெரிசல் வேளையில், கடைசிக் கோபுரத்தில், நூற்றுக்கு எத்தனை பொதிகள் கெடுவுக்குள் சேர்ந்தன என்பதை ஊர்வாரியாக வெளியிடவேண்டும். புயற்காலத்துக்கு வேண்டிய மின்சாரச் சேமிப்புக்கும் பொறுப்பேற்கவேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது நம் ஊர்ப் பொதுஜன ஊழியர்களின் கடமை. தலைமடைக் கணக்கைக் காட்டிக் கடைமடைக்குத் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.