எவர்டன்: பத்துப் புள்ளியும் பத்தாத கணக்கும்

2023 நவம்பர் 17 அன்று எவர்டன் கால்பந்து அணிக்கு ஆட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் காலையில் 14 புள்ளிகளோடு 14ஆம் இடத்தில் இருந்த அணி, மாலைக்குள் 4 புள்ளிகளோடு 19ஆம் இடத்தில் கிடந்தது. நட்ட வரம்பு விதியை மீறியதற்கான தண்டனை அது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அதுவரை எந்த அணிக்கும் ஒரே தீர்ப்பில் பத்துப் புள்ளி வெட்டப்பட்டதில்லை. கடனில் மூழ்கி நொடித்துப்போன போர்ட்ஸ்மவுத்துக்கே 2010இல் ஒன்பதுதான் வெட்டினார்கள்.

ஒன்பது நாள் கழித்து மான்செஸ்டர் யுனைடெட் லிவர்பூல் நகரிலுள்ள எவர்டனின் அரங்கமான குடிசன் பார்க்குக்கு ஆட வந்தது. அரங்கமெங்கும் ரசிகர்கள் இளஞ்சிவப்பு அட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள். அட்டையில் லீக்கின் சிங்கச் சின்னம். கூடவே ‘ஊழல்’ என்று பொருள்படும் ஒரே சொல். அந்த ஆவேசம் உச்சத்தில் இருந்த மூன்றாம் நிமிடத்திலேயே யுனைடெட் வீரர் கர்னாச்சோ தலைகீழாகப் பறந்து உதைத்த பந்து வலைக்குள் போனது. ஆட்டம் 3-0 என்று முடிந்தது. எவர்டன் ரசிகருக்கு இப்படிப்பட்ட நாட்கள் பழக்கம்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே ஆண்டு ஜனவரியில், சவுத்தாம்ப்டனுடனான ஆட்டத்துக்குப் பின் இதே கூட்டம் இருக்கையை விட்டு எழ மறுத்துப் போராடியது. அன்று எதிரி லீக் அல்ல, சொந்த கிளப்பின் இயக்குநர் குழு. பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று காரணம் சொல்லி இயக்குநர்கள் யாரும் அன்று அரங்கத்துக்கு வரவில்லை. ‘ஜனவரியில் நிர்வாகத்தைத் திட்டினீர்கள், நவம்பரில் அதே நிர்வாகம் செய்த தப்புக்குத் தண்டனை கொடுத்தால் லீக்கைத் திட்டுகிறீர்களே’ என்று மற்ற அணி ரசிகர்கள் கேலி செய்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எவர்டன் ரசிகர்கள் இரண்டு முறையும் சரியான இடத்தில்தான் கோபப்பட்டார்கள் என்பது என் கட்சி. அதற்குக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாங்கிய கதை

ஈரானில் பிறந்த பிரிட்டிஷ் தொழிலதிபர் ஃபர்ஹாத் மோஷிரி 2016 பிப்ரவரியில் எவர்டனின் 49.9 சதவீதப் பங்கை வாங்கினார். 1995இல் எஃப்.ஏ. கோப்பை வென்றபின் அலமாரியில் பெரிய கோப்பை எதுவும் சேராத கிளப் அது. பணக்கார முதலாளி வந்தால் விடியும் என்று ரசிகர்கள் நம்பியதில் தவறில்லை. பணமும் வந்தது. யோசனைதான் வரவில்லை.

2017 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய சீசனில் லீக்கில் 25 கோல் அடித்த லுகாகுவை 7.5 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டுக்கு விற்றார்கள். கோல் அடிக்க ஆள் வேண்டும். வாங்கியதோ கில்ஃபி சிகுர்ட்சன், டேவி கிளாசன், திரும்பிவந்த வெய்ன் ரூனி. மூவருமே ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால், ‘பத்தாம் எண்’ இடத்தில் ஆட விரும்புகிறவர்கள். ஓர் அணிக்கு அந்த இடத்தில் ஒருவர் போதும். மூன்று பேரை ஒரே கோடையில் சேர்த்தது ஏன் என்று எவர்டன் ரசிகர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். மேனேஜர் கேட்டாரா, விளையாட்டு இயக்குநர் தேர்ந்தெடுத்தாரா, முதலாளியே ஆசைப்பட்டாரா? ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள், எல்லாப் பட்டியலிலிருந்தும் வாங்கினார்கள் என்பதுதான் பெரும்பாலானோர் வந்து சேரும் முடிவு.

மேனேஜர்களும் அப்படித்தான். கூமன், அலர்டைஸ், மார்கோ சில்வா, அஞ்செலோட்டி, பெனிடெஸ், லாம்பார்ட், டைச். ஏழு ஆண்டுக்குள் ஏழு பேர். ஒருவரின் ஆட்டமுறைக்கும் அடுத்தவர் ஆட்டமுறைக்கும் சம்பந்தமில்லை. இதில் பெனிடெஸ், பரம எதிரி லிவர்பூலுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தவர். எவர்டனை ஒருமுறை ‘சின்ன கிளப்’ என்று சொன்னவரும்கூட. அவரைக் கூட்டிவந்து மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்தபோது, ரசிகர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

நல்ல வரவுகளே இல்லையா? இருந்தன, மலிவாக. கால்வர்ட்-லூவினை ஷெஃபீல்ட் யுனைடெட்டிலிருந்து 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். பிரான்த்வெய்ட், கார்லைல் யுனைடெட் என்ற கீழ்மட்ட கிளப்பிலிருந்து வந்தவர். விலை ஏற ஏற வாங்கிய ஆளின் பயன் இறங்கியது என்பது இந்தக் காலத்து எவர்டனின் விசித்திரம்.

விதி என்ன சொல்கிறது

இலாபம் மற்றும் நிலைத்தன்மை விதி என்பது எவர்டன் மீறிய விதியின் முழுப் பெயர்; ரசிகர்கள் வாயில் பி.எஸ்.ஆர். எந்த கிளப்பும் மூன்றாண்டுக் கணக்கில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. அதிலும் பெரும்பகுதியை முதலாளி தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். புதிய அரங்கம், இளையோர் அகாடமி, பெண்கள் அணி, சமூகப் பணி ஆகியவற்றுக்கான செலவு இதில் சேராது. 2013இல் வைத்த வரம்பு இது. அதன்பின் வீரர்களின் விலையும் சம்பளமும் எங்கோ போய்விட்டன, வரம்பு மட்டும் நகரவில்லை.

வீரரை வாங்கும் தொகை கணக்கில் ஏறும் விதம்தான் பலருக்குக் குழப்பம். சிகுர்ட்சனுக்குக் கொடுத்தது ஏறக்குறைய 4.5 கோடி பவுண்டு, ஒப்பந்தம் ஐந்தாண்டு. கணக்கில் அது ஆண்டுக்கு 90 லட்சமாகப் பிரியும். நடுவில் நல்ல விலைக்கு விற்றால் தப்பிக்கலாம். அவரோ 2022இல் ஒப்பந்தம் முடிந்து, கிளப்புக்கு ஒரு பென்னி வராமல் விலகினார். இப்படிப் பத்துப் பேர் இருந்தால், ஐந்தாண்டுக்கு முன் செய்த தப்பு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நட்டம் காட்டிக்கொண்டே இருக்கும். தப்பு செய்த மேனேஜரும் இயக்குநரும் அதற்குள் வேறு ஊர் போய்விட்டிருப்பார்கள்.

2021 வரையிலான மூன்று ஆண்டுகளில் எவர்டன் காட்டிய மொத்த நட்டம் 37 கோடி பவுண்டுக்கு மேல். கொரோனாவையும் விலக்குகளையும் கழித்துத்தான் ஒப்பேற்றினார்கள். 2022 மார்ச்சில் இன்னொரு அடி விழுந்தது. உக்ரைன் போரையொட்டி ரஷ்யக் கோடீஸ்வரர் உஸ்மானோவ் மீது தடை வந்தது. மோஷிரியின் பழைய கூட்டாளி அவர். அவருடைய நிறுவனங்கள்தான் எவர்டனின் முக்கிய விளம்பரதாரர்கள். அந்த வருமானம் ஒரே நாளில் நின்றது. 2021-22 வரையிலான கணக்கில் நட்டம் 12.45 கோடி. வரம்பைவிட 1.95 கோடி அதிகம்.

லீக் வழக்குத் தொடுத்தது. அதில் எவர்டன் வைத்த வாதங்களில் கனமானது அரங்கக் கடன் பற்றியது. பிராம்லி-மூர் துறையில் புதிய அரங்கம் கட்டுகிறோம், வாங்கிய கடனுக்கான வட்டியை அந்தச் செலவில் சேர்த்துக் கழியுங்கள் என்றார்கள். விசாரணைக் குழு கடன் பத்திரங்களை எடுத்துப் பார்த்தது. அரங்கத்துக்குப் போனது மோஷிரி வட்டியில்லாமல் கொடுத்த பணம். வட்டிக்கு வெளியில் வாங்கியது அன்றாடச் செலவுக்கு. வாதம் அங்கேயே விழுந்தது. வரம்பு நெருங்குகிறது என்று லீக் எச்சரித்த காலத்திலும் வீரர்களை வாங்கிக்கொண்டிருந்ததும் குழுவின் கண்ணில் பட்டது. ஜனவரியில் இருக்கையை விட்டு எழாதவர்கள் சொன்னதையே நவம்பரில் விசாரணைக் குழுவினர் சட்ட மொழியில் எழுதியிருந்தார்கள்.

பத்து எங்கிருந்து வந்தது

அப்படியானால் லீக்மீது ஏன் கோபம்? விதியை மீறியதை கிளப் கடைசியில் ஒப்புக்கொண்டது. தகராறு பத்து என்ற எண்ணில். வரம்பு மீறினால் இத்தனை புள்ளி என்று விதிப்புத்தகத்தில் எங்குமே இல்லை. ஆறு புள்ளி அடிப்படை, அதற்கு மேல் ஒவ்வொரு 50 லட்சம் பவுண்டுக்கும் ஒன்று என்று வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே லீக் ஒரு சூத்திரத்தை முன்வைத்தது. குழு அதை ஏற்கவில்லை. ஆனால் தானாக வந்து சேர்ந்த எண்ணோ அந்தச் சூத்திரம் தரும் விடைக்கு மிக அருகில் இருந்தது. 2024 பிப்ரவரி 26இல் மேல்முறையீட்டுக் குழு அதை ஆறாகக் குறைத்தது. கிளப் நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்று முதல் குழு சொன்னது தவறு, ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டிய மற்ற தண்டனைகளைப் பார்க்காததும் தவறு என்றது. மூன்று மாதம் பட்டியலில் தவறான எண் இருந்தது என்பதே இதன் பொருள்.

அதற்குள் அடுத்த வழக்கு வந்துவிட்டது. 2022-23 வரையிலான மூன்றாண்டுக் கணக்கில் மீண்டும் 1.66 கோடி அதிகம். இந்த மூன்றாண்டில் இரண்டு ஆண்டுகள் முந்தைய வழக்கிலும் இருந்தவை. ஏப்ரலில் மேலும் இரண்டு புள்ளி போனது. ஒரே தப்புக்கு இரண்டு அடியா என்று ரசிகர்கள் கேட்டதைக் குழுவே ஓரளவு ஏற்றுக்கொண்டதால்தான் இரண்டோடு நின்றது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கதை இதைவிட வேடிக்கையானது. அவர்கள் வரம்பை மீறியது 3.45 கோடி, எவர்டனைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வெட்டியது நான்கு புள்ளி. ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்குத் தள்ளுபடி. அகாடமியில் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு விற்று 4.75 கோடி வந்தது, ஆனால் விற்றது செப்டம்பர் 1. கணக்கு முடிந்தது ஜூன் 30. இதே விலைக்கு இரண்டு மாதம் முன்னால் விற்றிருந்தால் வழக்கே இல்லை. ஆனால் குறைந்த விலைக்குத்தான் விற்றிருக்க முடியும். கிளப்பின் நிதி நலத்துக்காக என்று எழுதிய விதி, வருகிற விலைக்குத் தள்ளிவிடு என்று சொல்கிறது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். பர்ன்லி ரசிகரிடம் எவர்டனின் சோகத்தைச் சொன்னால் அவர் காது கொடுக்க மாட்டார். 2022 மே மாதம் எவர்டன் 39 புள்ளியோடு தப்பியது. பர்ன்லி 35 புள்ளியோடு கீழ்மட்டத்துக்கு இறங்கியது. எவர்டன் வரம்பு மீறியதாகத் தீர்ப்பான கணக்கு அந்த சீசனோடு முடிகிற கணக்குத்தான். ஆறு புள்ளியை அப்போதே வெட்டியிருந்தால்? ஒன்றரை ஆண்டு கழித்து வெட்டிய பத்தோ ஆறோ பர்ன்லிக்கு எதையும் திருப்பித் தரவில்லை.

எவர்டன் ரசிகரின் விரலோ மான்செஸ்டர் சிட்டியை நோக்கி நீண்டது. 2023 பிப்ரவரியில் சிட்டி மீது நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அதற்கு அடுத்த மாதம்தான் எவர்டன் வழக்கு தொடங்கியது. நவம்பரில் தண்டனையே வந்துவிட்டது. சிட்டி வழக்கில் விசாரணை தொடங்கியதே 2024 செப்டம்பரில். எல்லாவற்றையும் சிட்டி மறுக்கிறது, ஆவணங்கள் ஏராளம், ஒரே எண்ணைச் சரிபார்க்கும் வழக்கோடு அதை ஒப்பிட முடியாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒப்புக்கொண்டவனுக்கு உடனடி அடி, மறுத்தவனுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் என்று வெளியே நிற்பவருக்குத் தெரிவதும் உண்மைதானே.

விதியின் இன்னொரு விளைவுதான் ரசிகரை உள்ளூர வருத்துவது. வெளியிலிருந்து வாங்கிய வீரரை விற்றால், அவருக்குக் கொடுத்ததில் மிச்சமுள்ள தொகையைக் கழித்துத்தான் இலாபம். அகாடமியில் வளர்த்தவரை விற்றால் முழுத் தொகையும் இலாபம். எனவே கணக்கு இடிக்கும்போது முதலில் கைவைப்பது ஊர்ப் பையன்மீது. லிவர்பூலில் பிறந்து எவர்டனிலேயே வளர்ந்த ஆண்டனி கார்டன் 2023 ஜனவரியில் நியூகாசிலுக்குப் போனபோது கையில் கிடைத்த 4.5 கோடியும் அப்படிப்பட்டது. 2024 ஜூன் முடியும் தறுவாயில் எவர்டன் தன் இளைஞர் லூயிஸ் டாபினை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்று, வில்லாவின் இளைஞர் டிம் இரோக்புனாமை வாங்கியது. இரு பக்கமும் இலாபம் எழுதிக்கொண்டார்கள். செல்சி தன்னிடமிருந்த இரண்டு ஓட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே விற்று 7.65 கோடி வரவு காட்டியது. எல்லாம் அப்போதைய லீக் விதிக்கு உட்பட்டுத்தான்.

அந்த 2023-24 சீசனில் எவர்டன் களத்தில் சேர்த்தது 48 புள்ளி, பட்டியலில் நின்றது 40. இறங்கிய அணிகளில் மேலே இருந்த லூட்டனுக்கே 26 மட்டும்தான் என்பதால் தண்டனை யாரையும் காப்பாற்றவுமில்லை, இறக்கவுமில்லை. வெட்டிய எட்டுப் புள்ளியும் இருந்திருந்தால் எவர்டன் 12ஆம் இடம், கிடைத்தது 15. ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு பரிசுத்தொகை வித்தியாசம். பணம் போதாத கிளப்புக்குத் தண்டனையாக மேலும் பணத்தைக் குறைத்தார்கள்.

மோஷிரி 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஃப்ரீட்கின் குழுமத்துக்கு விற்றுவிட்டுப் போனார். குடிசன் பார்க்கில் ஆண்கள் அணி 2025 மே மாதத்தில் கடைசி ஆட்டம் ஆடி, துறையிலுள்ள புதிய அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. நட்ட வரம்பு விதிக்குப் பதிலாக, அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை 2026-27 சீசனிலிருந்து கொண்டுவர லீக் கிளப்புகள் வாக்களித்துவிட்டன. வருமானம் பெருத்த கிளப்புகளுக்கு அதில் தாராளம் என்று சிறிய அணிகளின் ரசிகர்கள் இப்போதே சண்டை பிடிக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சி மீறுகிறவர்களுக்கு இம்முறை தண்டனை அளவை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள்: ஆறு புள்ளி நிச்சயம், அதற்கு மேல் மீறிய தொகைக்கு ஏற்ப ஒவ்வொன்றாக. எவர்டன் வழக்கில் குழு ஏற்க மறுத்த சூத்திரத்தின் சாயல்தான் இது.