ஆயுளில் ஒரு நாளாவது சேப்பாக்கம் டெஸ்ட் பார்த்தே தீரணும்!

சென்னை.

விம்பிள்டன் டென்னிஸ் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டும். ஒலிம்பிக் பார்க்க எந்த நாட்டில் நடக்கிறதோ அங்கே விமானம் ஏற வேண்டும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குக்கூட முதல் நாளே மதுரை பஸ்சைப் பிடித்தால்தான் இடம் கிடைக்கும்.

ஆனால் விளையாட்டு ரசிகர் என்று சொல்லிக்கொள்ளும் எவரும் ஆயுளில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கிறது. பறக்கும் ரெயிலில் ஏறி, சேப்பாக்கத்தில் இறங்கினால் போதும். பக்கத்திலேயே ஸ்டேடியம்!

ஐ.பி.எல். பந்தயத்தைச் சொல்லவில்லை. அதற்கு யாரும் ஆள் கூப்பிட வேண்டியதில்லை. மஞ்சள் சட்டைக் கூட்டம் தானாகவே வந்து நிற்கும். நாம் சொல்வது டெஸ்ட் பந்தயம். வெள்ளை உடை, சிவப்புப் பந்து, காலை 9.30 மணிக்கு ஆரம்பம்.

“அஞ்சு நாளா? அவ்வளவு லீவுக்கு எங்கே சார் போறது?” என்று கேட்பீர்கள்.

அஞ்சு நாளும் வேண்டாம். ஒரே ஒரு நாள் போதும். ஆனால் தள்ளிப் போடாதீர்கள். முன்பெல்லாம் பொங்கல் வந்தால் கரும்போடு கரும்பாக டெஸ்ட் பந்தயமும் வரும். டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டபடியே ஆபீசுக்குப் போனவர்கள் ஏராளம். அந்த வழக்கமெல்லாம் போய்விட்டது. 2013 தொடங்கி 2024 வரை, 12 ஆண்டுகளில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் எத்தனை தெரியுமா? ஐந்தே ஐந்து! அதிலும் ஒன்று, 2021-ல், கொரோனா காரணமாக ரசிகர்களே இல்லாமல் நடந்தது.

எதிரிக்கும் கைதட்டல்

சேப்பாக்கத்தில் அப்படி என்ன விசேஷம்? ஆட்டத்தைவிட கூட்டம்தான் விசேஷம்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. 12 ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. வரவே கூடாது என்று எதிர்ப்பு. டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டுவிட்டார்கள். அதனால் சேப்பாக்கத்தில் பலத்த போலீஸ் காவலுடன் ஆட்டம் நடந்தது.

இந்தியா வெற்றி பெற 271 ரன் தேவை. 82 ரன்னுக்கு 5 விக்கெட் காலி! சரி, கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டெண்டுல்கர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. மொங்கியா துணை நிற்க, முதுகு வலியோடு ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்தார். 136 ரன் எடுத்தார். இன்னும் 17 ரன்தான் பாக்கி. சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்தார். வாசிம் அக்ரம் கையில் கேட்ச்!

அதற்குப் பிறகு நாலே நாலு ரன்னில் மிச்சமிருந்த 3 விக்கெட்டும் சாய்ந்தன. 12 ரன்னில் தோல்வி.

அரங்கம் முழுக்க நிசப்தம். போலீசாருக்கே அந்த நேரம் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். அப்போதுதான் அது நடந்தது. ஒரு கேலரியில் எழுந்த கைதட்டல் அடுத்த கேலரிக்குப் பரவியது. கடைசியில் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. ஜெயித்த பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தோற்ற வருத்தத்தைப் பத்தில் ஒரு பங்குதான் சொல்வார்கள். கைதட்டியதை அரை மணி நேரம் சொல்வார்கள். அதே வருடம் மே மாதத்தில் கார்கில் சண்டை மூண்டது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கைதட்டலின் மதிப்பு தெரியும்.

ஒரே ஒரு ரன்!

டென்ஷன் வேண்டும் என்பவர்களுக்கு 1986 செப்டம்பர் இருக்கிறது. எதிரணி ஆஸ்திரேலியா. கொளுத்தும் வெயிலில் டீன் ஜோன்ஸ் மைதானத்திலேயே வாந்தி எடுத்து எடுத்து ஆடி 210 ரன் குவித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிரெக் மாத்யூஸ் என்றொரு மனிதர் அதே வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார்! பைத்தியமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்தான் 10 விக்கெட் சாய்த்தார்.

கடைசி நாள். இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு. கடைசி ஓவர் வந்தபோது தேவை 4 ரன், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி 2 ரன் எடுத்தார். அடுத்த பந்தில் 1 ரன். ஸ்கோர் சமம்! இன்னும் ஒரே ஒரு ரன். எதிரே மணீந்தர் சிங். ஓவரின் ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். பந்தயம் ‘டை’. 1960-ல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் சரித்திரத்திலேயே இரண்டாவது டை!

மட்டையில் பட்டதா, காலில் பட்டதா? திருவல்லிக்கேணியில் அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றதும் இங்கேதான். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். 1975 ஜனவரியில் ஆண்டி ராபர்ட்சின் வேகத்துக்கு முன்னால் மொத்த அணியும் 190 ரன்னில் சுருண்டபோது, குட்டை மனிதர் விஸ்வநாத் மட்டும் ஆட்டம் இழக்காமல் 97 ரன் எடுத்தாரே, அதுவும் இங்கேதான். சதம் அடிக்காத அந்த ஆட்டத்தைப் பல சதங்களுக்கு மேல் வைப்பவர்கள் உண்டு. நாமும் அந்தக் கட்சிதான்.

(மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்ததையும் சிலர் சேப்பாக்கம் கணக்கில் சேர்ப்பார்கள். தவறு. அது 1956-ல் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது பிறகு நேரு ஸ்டேடியம் ஆன இடத்தில் நடந்தது.)

தவற விட்டால் கிடைக்காது

“எல்லாம் பழைய கதை” என்கிறீர்களா? 2024 செப்டம்பர் 19. வங்காளதேசத்துக்கு எதிராக இந்தியா 144 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்து தவித்தது. மேற்கு மாம்பலத்து அஸ்வின் வந்தார். ஜடேஜாவோடு சேர்ந்து விளாசித் தள்ளினார். சாயங்காலத்துக்குள் சதம்! “அடுத்த டெஸ்டுக்குப் பார்த்துக்கலாம்” என்று வீட்டில் இருந்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த டிசம்பரிலேயே அஸ்வின் சர்வதேச கிரிக்கெட்டுக்குக் கும்பிடு போட்டுவிட்டார். இந்திய அணிக்காக அவர் சேப்பாக்கத்தில் இறங்குவதை இனி பார்க்க முடியாது.

சரி, ஒரே நாள்தான் லீவு என்றால் எந்த நாள் போகலாம்? பெரியவர்கள் நாலாம் நாளைச் சொல்வார்கள், பந்து நன்றாகச் சுழலும் என்று. ஆனால் இந்தக் காலத்தில் நாலாம் நாளை நம்ப முடியாது. வங்காளதேச டெஸ்டில் நாலாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது.

நமது ஓட்டு மூன்றாம் நாளுக்கு. 2008 மார்ச்சில் சேவாக் ஒரே நாளில் 257 ரன் அடித்தது மூன்றாம் நாளில். கார் விபத்தில் பிழைத்து வந்த ரிஷப் பந்த், 2024-ல் திரும்ப வந்து சதம் போட்டதும் மூன்றாம் நாளில்தான்.

மேற்குப் பக்கத்து கேலரி டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள். காலையில் முகத்தில் வெயில் அடிக்கும், தொப்பி அவசியம். மத்தியானத்துக்கு மேல் நிழல். கடற்காற்றும் வந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு முண்டியடித்து ஓட வேண்டாம். பெல்ஸ் ரோட்டைத் தாண்டினால் திருவல்லிக்கேணி. சாம்பாரில் மிதக்கிற இரண்டு இட்லி, ஒரு காப்பி சாப்பிட்டு முடிப்பதற்குள் ரெயிலில் கூட்டம் குறைந்துவிடும்.