கோபுரத்தின் கீழே ஐந்து நாள் வேலை

டுபாய்க்குப் போய் வந்தவர்கள் வீட்டில் பழைய 100 திர்ஹாம் காகிதத் தாள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பின்புறத்தில் உயர்ந்த கோபுரம் ஒன்று இருக்கும். அதுதான் டுபாய் உலக வர்த்தக மையம். 39 மாடிகள். 1979 பெப்ரவரியில் பிரித்தானிய மகாராணி இரண்டாம் எலிசபெத் திறந்து வைத்தபோது, அதைச் சுற்றி மணல்தான் அதிகம். ஊருக்கு வெளியே இது யாருக்கென்று பலர் கேட்டார்கள். கட்டுவித்த ஷேக் ராஷித் அதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

பின்னர் கோபுரத்தின் அடியில் மண்டபங்கள் பெருகின. 1981 இல் கணினிக்கான ஜைடெக்ஸ் கண்காட்சியும், 1987 இல் உணவுப் பொருட்களுக்கான கல்ஃபூட் கண்காட்சியும் இங்கே தொடங்கின. நம் மலையகத்துத் தேயிலையும் கல்ஃபூட்டில் கடை விரித்திருக்கிறது. (கொழுந்து பறித்தவர் அந்தப் பக்கம் போனதாகக் கேள்விப்படவில்லை.) 2020 இல் கொரோனா வந்தபோது இதே மண்டபங்களில் 3,000 கட்டில்கள் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள்.

கண்காட்சி என்பது கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி. வெறும் மண்டபத்துக்குள் சில நாட்களுக்கு முன்னரே தச்சர், மின்வேலைக்காரர், பெயின்ற் அடிப்பவர், கம்பளம் விரிப்பவர் எல்லோரும் இறங்குவார்கள். நாலைந்து நாள் வியாபாரம். கடைசி நாள் மாலை சனம் வெளியேறியதும் பிரிக்கும் வேலை தொடங்கிவிடும். ஆக, குறுகிய காலத்துக்கு நிறையக் கைகள் வேண்டும்.

இந்த இடத்தில்தான் முகவர் நுழைகிறார். "தம்பிக்கு டுபாயில் கண்காட்சி வேலை சரிவந்திருக்கு, விசிட் விசாவில் போய்ப் பிறகு மாத்தலாமாம், காசுதான் வேணும்" என்று ஊரிலிருந்து தொலைபேசி வரும். வந்து ஒரு வருடமும் ஆகாத நாம், சீட்டுக் காசை எடுத்து அனுப்பி விடுகிறோம்.

அனுப்பு முன் சில விடயங்களை அறிந்து கொள்ளுங்கள். விசிட் விசாவில் அங்கே வேலை செய்வது சட்டவிரோதம், ஒரு நாள் வேலையானாலும்தான். அனுமதியின்றி ஆள் வைப்பவருக்கு 2024 இல் தண்டத்தை 1 இலட்சம் முதல் 10 இலட்சம் திர்ஹாம் வரை உயர்த்தினார்கள். பிடிபடும் தொழிலாளி நாடு கடத்தப்படலாம். "பிடித்தால் அகதி என்று சொல்லலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. நாம் இங்கே கொடுத்தது போன்ற விண்ணப்பத்தை அந்த அரசிடம் கொடுக்க வழியில்லை.

இன்னொன்று. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ வாங்கக் கூடாது என்று அங்குள்ள 2021 தொழிற்சட்டமே சொல்கிறது. அப்படியானால் முகவர் கேட்கும் காசு எதற்கு? அதைத் தம்பியையே கேட்கச் சொல்லுங்கள். வேலை தரும் கொம்பனியின் பெயர், சம்பளம் எழுதிய கடிதம், வேலை அனுமதி, இவை மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். முகவரின் அனுமதிப்பத்திரம் உண்மையா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்கலாம். கடிதம் வரத் தாமதமானால் காசும் தாமதமாகப் போகட்டும்.