பலாலிக்கு ஏன் பெரிய விமானம் வருவதில்லை?

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "பலாலிக்கு ஏன் இன்னும் அந்தச் சின்ன விமானந்தான் வருகுது?" பதில் ஓடுபாதையின் நீளத்தில் இருக்கிறது.

சென்னையிலிருந்து வருவது ஏ.ரி.ஆர். 72. இரண்டு காற்றாடிகள், எழுபதை ஒட்டிய இருக்கைகள். குறைந்த வேகத்திலேயே எழும்பும், இறங்கும். முழுச் சுமையோடு எழும்பச் சுமார் 1,300 மீற்றர் போதும். ஏ320 போன்ற ஜெட்டுக்கு 2,000 மீற்றருக்கு மேல் வேண்டும். வெயிலும் இந்தக் கணக்கில் சேரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. சிறகுக்கும் இயந்திரத்துக்கும் வலு குறையும். ஓடுபாதையை நீட்ட முடியாவிட்டால் பாரத்தைத்தான் குறைக்கவேண்டும். பயணப்பொதியின் நிறையில் கைவைப்பது அதற்கொரு வழி.

சென்னைக்கு மட்டுமென்றால் ஜெட் தேவையில்லை என்பேன். நேர்கோட்டில் சுமார் 360 கிலோமீற்றர். மிஞ்சுவது சில நிமிடங்கள். அதைவிடப் பெரிய மிச்சம் ஏற்கனவே கிடைத்துவிட்டது. முன்பு இரவிரவாக பஸ்ஸில் தெற்கே கட்டுநாயக்காவுக்குப் போய், அங்கிருந்து திரும்ப வடக்கே பறந்தவர்கள் நாங்கள்.

பலாலி இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம். பின்னர் எயார் சிலோன் இங்கிருந்து தென்னிந்தியாவுக்குப் பறந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின், 2019 ஒக்டோபர் 17 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் சேவை நின்று, 2022 டிசெம்பரில்தான் மீண்டது. இண்டிகோ 2024 செப்ரெம்பரில் சென்னைக்கும், 2025 மார்ச்சில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது.

தூர நாடுகளிலிருந்து நேரடியாக வரவேண்டுமென்றால் நீண்ட ஓடுபாதை வேண்டும். நீளத்துக்குக் காணி வேண்டும். சுற்றியிருப்பது வலிகாமம் வடக்கு. 1990 இல் ஊரோடு இடம்பெயர்ந்தவர்களின் பூமி. சில பகுதிகள் விடுவிக்கப்பட்டன. மற்றவை உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் போனவை; அவற்றில் இராணுவம் தோட்டம் செய்யும் காணிகளும் உண்டு. ஆகவே "விரிவாக்கம்" என்றதும் உறுதிப்பத்திரத்தை இன்னும் பெட்டிக்குள் வைத்திருப்பவர் பயப்படுவதில் வியப்பில்லை.

விமான நிலையம் எங்களுக்கு வேண்டும். ஆனால் ஓடுபாதைக்கு எத்தனை பரப்பு, யாருடையது, என்ன நட்டஈடு என்பதை எழுத்தில் வெளியிட்டு, தேவையில்லாத மிச்சக் காணியை உரியவரிடம் முதலில் கொடுக்கட்டும். நில அளவையாளர் அதற்குப் பிறகு வரலாம்.